பரண்மேல் மூன்று உஷ்

மார்ச் 3, செவ்வாய்

உஷ் கூப்பிட்டார். எங்கள் நூலகத் தலைவருக்கு நாங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. யார் வாயைத் திறந்தாலும், திறக்கப் போவதாகத் தெரிந்தாலும், "உஷ்!" தலையிலிருந்து கால்வரை மனிதர் விதிமுறைதான்.

இந்த மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் சிறுவர் பகுதியில் ஒரு மணி நேரம் கதையும் விளையாட்டுமாக நடத்த வேண்டுமாம். தலைப்பு, இரவு விலங்குகள். சிறுவர் பகுதி என் பொறுப்பு, அதனால் நான்தான்.

யாரைப் பார்த்து என்ன சொல்கிறார்! என் வீட்டுக்காரர் ரொட்டி ஆலையில் இரவு வேலைக்குக் கிளம்பியதும், கூடத்து விளக்கைப் போட்டுவிட்டுத்தான் நான் படுப்பேன். அது விடிய விடிய எரியும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். குளியலறைக்குப் போனால்கூட வழியெல்லாம் சுவிட்சைத் தட்டிக்கொண்டு போகிறவள். இவரிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு முதல் பாடமா வச்சுடு."

சிரிக்கட்டும். ஊருக்குத்தானே உபதேசம்.

மார்ச் 5, வியாழன்

கிடங்கு அறைக்கு இனி நான் போகமாட்டேன். மாலையில் பழைய பத்திரிகைக் கட்டை வைக்கப் போனேன். பரண்மேலிருந்து ஒரு சீறல், பல் இடுக்கு வழியாக மூச்சை இழுக்கிற மாதிரி, நீளமாக. பாம்பு! சத்தியமாகப் பாம்பு. கட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுத்தேன். பரணுக்கு மேலே, புகைபோக்கி விசிறியைக் கழற்றிய இடத்தில் இருக்கும் சதுர ஓட்டையை அடைக்க வேண்டும். அதன் வழியாகப் பாம்பு வருகிறது, பூனையும் வருகிறது, பின்பக்கச் சுவரடியில் கருகருவென்று உருண்டை உருண்டையாக அசிங்கம் செய்துவைக்கிறது என்று. அந்த உருண்டைகளை ஒரு மாதமாகக் காகிதத்தில் அள்ளிக் கொட்டுவதே எனக்கு வேலையாகிவிட்டது. பூனை மட்டும் கையில் கிடைக்கட்டும்.

மார்ச் 7, சனி

முதல் வகுப்பு. பயந்த அளவுக்கு இல்லை. இல்லையில்லை, பிரமாதம்!

மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே கம்பளி விரித்துக் குகை கட்டினோம். டார்ச் விளக்குகளின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டினோம். சிவப்பு வெளிச்சம் இரவு விலங்குகளை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாதாம். பிள்ளைகள் உள்ளே தவழ்ந்து போனார்கள். நான் வாசலில் காவல் இருக்கிறேன் என்று சொல்லி வெளியிலேயே நின்றுகொண்டேன். காவலாம் காவல்.

பிறகு வௌவால் விளையாட்டு. கண்ணைக் கட்டிக்கொண்டவர் வௌவால், மற்றவர்கள் பூச்சிகள். வௌவால் ஒரு தட்டுத் தட்டினால் பூச்சிகள் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்தச் சத்தத்தை வைத்தே பிடிக்க வேண்டும். முன்பல் விழுந்த ஒரு வாண்டு, நான் மனதுக்குள் ஓட்டைப்பல் என்று கூப்பிடுகிறவள், ஒருவர் விடாமல் பிடித்துவிட்டாள். பிடித்த கையோடு கேள்வி வேறு. ராத்திரி வேலைக்குப் போகிறவர்களும் இரவு விலங்குகள்தானா என்று. வீட்டில் இவரிடம் சொன்னேன். அதிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

வகுப்புக்காகப் படித்ததில் ஒன்று மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வௌவால் பறக்கும்போது ஓயாமல் கத்துகிறதாம், தொண்டை கிழியக் கத்துகிறதாம். நம் காதுக்குத்தான் எட்டுவதில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் நான் விளக்கைப் போட்டுக்கொண்டு, மயான அமைதி என்று பயந்து கிடந்தேனே, அது அமைதியே இல்லையா? மேலே ஒரு சந்தையே நடந்துகொண்டிருந்ததா?

மார்ச் 10, செவ்வாய்

ஓட்டையை அடைக்க அனுமதி கிடைத்துவிட்டது. நாற்காலி கேட்டால் வருஷக்கணக்கில் வராது. இது ஐந்தே நாளில். கொத்தனார் அடுத்த வாரம் வருவாராம்.

மார்ச் 14, சனி

எங்கே ஆரம்பிப்பது?

இன்று ஆந்தைப் பாடம். பெரிய படப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஆந்தை இரையை அப்படியே விழுங்கும். செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கிவிடும். பக்கத்தில் படம். கருப்பாக, கட்டை விரல் நீளத்துக்கு.

ஓட்டைப்பல் எழுந்தாள். "அக்கா, இது நம்ம பின்பக்கம் கிடக்குதே."

நான் சிரித்தேன். "அது பூனையோடதும்மா," என்றேன். அவள் நேராக வெளியே போய், ஒன்றைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஐயோ, கீழே போடு என்று நான் கத்துவதற்குள் இரண்டாகப் பிட்டுவிட்டாள். நாற்றமே இல்லை. உள்ளே சாம்பல் நிற முடி. அதற்குள் ஒரு தாடை எலும்பு, அரிசி நொய் மாதிரி பற்களோடு. ஒரு எலியின் முழுத் தாடை!

எல்லாத் தலைகளும் அந்தச் சின்னக் கைக்கு மேல் குவிந்தன. மூச்சுச் சத்தம்கூட இல்லை. உஷ் வந்து பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்.

நான் மட்டும் புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் நின்றுபோனேன். கூகை என்கிற வெள்ளை ஆந்தையின் குஞ்சுகள் பசித்தால் பாம்புபோல் சீறும் என்று போட்டிருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவளைக் கேள்விப்பட்டிருக்கிறேன். தலைக்குமேல் கூகையை வைத்துக்கொண்டு படம் காட்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். பாவம் அந்தப் பூனை! பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பிள்ளைகள் போன பிறகு கிடங்கு அறைக்குப் போனேன். ஏணியில் காலை வைத்தேன். மேலே ஒரே கும்மிருட்டு. சீறல் கேட்டது. காலை எடுத்துவிட்டேன்.

உஷ்ஷுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். கொத்தனார் வர எப்படியும் நாள் ஆகும், திங்கட்கிழமை போனதும் முதல் வேலையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 16, திங்கள், மதியம்

அவசர அவசரமா எழுதுறேன். எழுத்து கோணல்மாணலா வருது, வரட்டும்.

கொத்தனார் நேத்தே வந்துட்டாராம்! ஞாயித்துக்கிழமை ஆள் இருக்காது, தூசி யாருக்கும் தொந்தரவா இருக்காதுன்னு உஷ் ஏற்பாடு பண்ணிட்டாரு. காலையில பின்பக்கம் போய்ப் பார்க்கிறேன், ஓட்டை இருந்த இடத்துல புதுச் செங்கல், புதுப் பூச்சு. எவ்வளவு நேர்த்தியா பூசியிருக்காரு! போன் போட்டுக் கேட்டேன். வெளியில ஏணி போட்டே அடைச்சுட்டேம்மா, உள்ள பாம்புன்னீங்களே, எட்டிக்கூடப் பார்க்கலன்னாரு. அவரைச் சொல்லி என்ன பண்ண? பாம்புன்னு எழுதிக் குடுத்தது யாரு? நான்தானே. சனிக்கிழமை ஏணியிலிருந்து காலை எடுத்தது யாரு?

ஒரு ராத்திரி முழுக்க. குஞ்சுங்க உள்ளே, தாய் வெளியே.

சாவியை எடுத்தேன். படம் மாட்ட வைத்திருக்கும் சுத்தியலை எடுத்தேன். பிள்ளைகள் செய்த சிவப்பு டார்ச் ஒன்று மேசைமேல் கிடந்தது, அதையும் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று கேட்டால் தெரியாது. அந்த ஓட்டையும் அடைபட்டபின் பரணில் என் கையே எனக்குத் தெரியவில்லை. முழங்காலில் ஊர்ந்தேன். பத்திரிகைக் கட்டுகளுக்குப் பின்னால் டார்ச்சைப் போட்டு நீட்டினேன்.

மூன்று முகங்கள்.

ஆப்பிளைக் குறுக்கே அறுக்காமல் நெடுக்காக அறுத்தால் வருமே, அந்த மாதிரி முகங்கள். உடம்பெல்லாம் பஞ்சு. பெரியது, நடுவிலது, சின்னது என்று படிக்கட்டு மாதிரி ஒண்டிக்கொண்டு இருந்தன. பெரியது என்னைப் பார்த்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்தது, பிறகு மறுபக்கம் சாய்த்தது. இவள் யார், எதற்கு வந்தாள் என்று விசாரிக்கிறது. இருட்டுக்குள் எனக்காக யாரோ காத்திருக்கிறார்கள் என்றுதானே எப்போதும் பயந்தேன்? காத்திருந்தவர்கள் இவர்கள்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னது எழுந்திருக்கவில்லை, சுருண்டு படுத்திருந்தது.

அடித்தேன். ஓங்கி ஓங்கி அடித்தேன். பூச்சு இன்னும் இறுகவில்லை. முதல் செங்கல் அசைந்து வெளியே விழுந்தது. உள்ளே வெயில் வந்தது.

இறங்கி வந்தால் ஏணிக்கடியில் உஷ். என் தலையெல்லாம் சுண்ணாம்பு, கையில் சுத்தியல்.

"அடைக்கச் சொல்லி எழுதினது நீங்கதானேம்மா?"

"ஆமா சார். உடைச்சதும் நான்தான்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். வெகுநேரம் இறங்கவில்லை. விழுந்துவிட்டாரோ என்று பயந்தேன். இறங்கி வந்து, நான் இதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்: "மூணு இருக்கு."

பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உடைத்ததற்குக் காரணம் எழுத்தில் வேண்டும் என்றார். அதுதானே பார்த்தேன்.

தாய் திரும்பி வருமா? அடைத்த சுவரைப் பார்த்துவிட்டு, போனது போனதுதான் என்று போயிருந்தால்? சின்னது இன்னொரு ராத்திரி தாங்காது.

அதே நாள், மாலை

நூலகத்தைப் பூட்டிவிட்டுப் பின்பக்கச் சுவரோரம் நின்றோம், நானும் உஷ்ஷும். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் நான் வீட்டில் எல்லா விளக்கையும் போட்டு முடித்திருப்பேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் வரவில்லை. மேலே குஞ்சுகள் சீற ஆரம்பித்தன. சீறு, இன்னும் சத்தமாகச் சீறு, அவளுக்குக் கேட்கட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

பிறகு வந்தாள்.

எந்தப் பக்கமிருந்து என்று தெரியாது. காதுக்கு எதுவுமே வரவில்லை. அவ்வளவு பெரிய பறவை, அவ்வளவு வெள்ளை, என் தலைக்கு இரண்டு முழம் மேலே போகிறாள், ஒரு காகிதம் புரளும் சத்தம்கூட இல்லை. அவள் காலில் ஓர் எலி தொங்கியது. ஓட்டையின் விளிம்பில் ஒரு கணம் உட்கார்ந்து எங்களைப் பார்த்தாள். உள்ளே போனாள். மேலே ஒரே ரகளை.

நான் வாயையே திறக்கவில்லை. ஆனாலும் உஷ் என் பக்கம் திரும்பி, "உஷ்" என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

சின்னது எழுந்து நிற்கிறது! என்னைப் பார்த்துச் சீறியது. சீறு தாயே, நன்றாகச் சீறு.

மார்ச் 21, சனி

இன்று பல்குத்தும் குச்சிகளால் உருண்டைகளைப் பிரித்தோம். எலும்புகளைக் கறுப்பு அட்டையில் ஒட்டி, புத்தகத்தைப் பார்த்து ஒரு முழு எலியைச் செய்துவிட்டார்கள். ஒருவனுடைய எலிக்கு மட்டும் ஐந்து கால். அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

குஞ்சுகளுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. பெரிய உஷ், நடு உஷ், குட்டி உஷ். அவை போடும் சத்தத்தை வைத்துத்தான் என்று பிள்ளைகள் சத்தியம் செய்கிறார்கள். தலைவர் காதில் விழுந்துவிட்டது. தொலைந்தோம் என்று நினைத்தேன். "குட்டி உஷ் இப்போ நல்லா சாப்பிடுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாசலில் "அமைதி" என்ற பலகை எத்தனையோ வருஷமாகத் தொங்குகிறது, நாய்கூட மதித்ததில்லை. பிள்ளைகள் அதன் கீழே ஓர் அட்டை கட்டினார்கள்: "மேலே தூங்குகிறார்கள்." எல்லோரும் பூனைமாதிரி நடக்கிறார்கள்.

மார்ச் 28, சனி

மாலையில் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் பின்பக்கம் நிறுத்தினோம். வகுப்பில் ஏற்கெனவே அட்டையை வீசிப் பார்த்தோம், பிறகு அதன் ஓரத்தில் பஞ்சு ஒட்டி வீசிப் பார்த்தோம். கூகையின் இறகு விளிம்பு அப்படித்தான் மெத்தென்று இருக்குமாம், அதனால்தான் சத்தம் எழுவதில்லை. ஆனாலும் படித்தது வேறு, பார்ப்பது வேறு. உஷ்ஷின் செருப்பு எப்போதும் கிறீச்சிடும். கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மண்ணில் வெறுங்காலோடு நின்றார்.

அவள் வந்து போனாள். வெகுநேரம் கழித்து ஓட்டைப்பல் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இவ்ளோ நாளா நாம தூங்கறப்ப எல்லாம் இது நடந்துக்கிட்டேவா இருந்துச்சு?"

ஆமாம்மா என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 11, சனி

பெரிய உஷ் ஓட்டை விளிம்புக்கு வந்து இறக்கையை அடித்துப் பார்க்கிறது. விழுந்துவிடப் போகிறதே என்று எனக்குத்தான் பதைக்கிறது. உஷ் (மனிதர்) தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்பக்கம் வருகிறார்.

ஏப்ரல் 30, வியாழன்

பரண் காலி. கடைசியாகக் குட்டி உஷ்ஷும் திங்கட்கிழமை பறந்துவிட்டது. ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். டார்ச் எடுத்துப்போக மறந்துவிட்டேன், பரவாயில்லை, தெரிந்த இடம்தானே. ஒரே ஒரு இறகு கிடந்தது. சிறுவர் பகுதியில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறேன். தலைவர் அலுவலக ஆணை போட்டுவிட்டார், எழுத்தில்: மேற்படி ஓட்டையை இனி எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

இப்போதெல்லாம் இவர் வேலைக்குப் போனதும் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கிறேன். எங்கேயோ ஒரு சீறல் கேட்கும். சில நாள் கேட்காது, ஆனாலும் மேலே பறந்து போகிறார்கள் என்று தெரியும்.

இன்று காலை இவர் வந்தார், புருவத்தில் வழக்கம்போல மாவு. கூடத்து சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை. திரும்பவும் தட்டினார்.

"பல்பு எப்ப போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நாளைக்கு வரும்போது வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றார்.

அவசரமில்லை என்றேன்.