என் உடம்பைக் காட்டி உனக்கு வாங்கிய சீட்டு

கூடப் பிறந்த பாவத்துக்கு என்னைக் கடைசிவரை சுமந்த என் அண்ணனுக்கு,

செவ்வாய்க்கிழமை மைதீன் பாய் வந்தார். பினாங்கில் உன்னைத் தன் வீட்டில் தங்க வைத்திருந்த அதே மைதீன் பாய்தான். கப்பல் இறங்கி ரயிலேறி வந்தவர், தேங்காய்ப்பட்டணத்திலுள்ள தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், உன் தகரப் பெட்டியோடு நேரே சாலைக் கடைத்தெருவில் நம் கடைக்கு வந்துவிட்டார். அவர் சொன்னதைக் கேட்டு மூன்று நாளாகிறது. இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் யாராவது கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுந்து நிற்கிறேன்.

உனக்கு மட்டும் எழுதி அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். நாம் செய்த இந்தக் காரியத்தைச் சாலைக் கடைத்தெருவில் இன்னும் எத்தனை பேர் செய்துவிட்டுக் கப்பலேறக் காத்திருக்கிறார்களோ! அதனால் வியாபாரிகள் சங்கத்து இதழில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படித்து என் மூஞ்சியில் துப்பட்டும், பரவாயில்லை.

இங்கே எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது அண்ணே. மீன மாதத்தில், பங்குனியில், வியாபாரத்துக்கென்று நீ கப்பலேறினாய், இப்போது கன்னி பிறந்து புரட்டாசி ஆகிவிட்டது. உன் மூத்தவள் பள்ளிக்கூடத்தில் மலையாளப் பாட்டுக்குப் பரிசு வாங்கினாள். சின்னவளுக்கு முன்பல் ரெண்டும் விழுந்துவிட்டது. நீ கடித்துப் பார்த்து வாங்குகிற சுக்கை நான் முகர்ந்து பார்த்து வாங்கி ரெண்டு மூட்டை ஏமாந்தேன். "சவத்துப் பயலே" என்று திட்ட ஆளில்லாமல் நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

ஆனால் இந்த ஐந்து மாதமும் நம் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான். பினாங்கில் உனக்கு வயிற்றுவலி வந்தது. அங்கேயே நல்ல தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். அதே நாளில் நீயே அங்கிருந்து வெளியேறிப் போனாய். ஐந்தாம் நாள் தர்ம ஆஸ்பத்திரியில் இறந்துபோனாய். தந்தியும் ஆஸ்பத்திரிக் கடிதமும் இவ்வளவுதான் சொல்லின. "நோயாளி தம் விருப்பப்படி வெளியேறினார்" என்று ஒரு வரி. மதினி அந்த வரியை என்னைப் படிக்கச் சொல்லிச் சொல்லிக் கேட்பாள்.

"வலியிலே துடிக்குத மனுசன் எதுக்கு எறங்கிப் போவாவ? வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரியில்லா, கறுத்த தோலுன்னு வெரட்டியிருப்பான். நீங்க எழுதிக் கேளுங்க" என்பாள்.

நானும் எழுதினேன். கோட்டைக்குள் போய் இங்கிலீஷ் தெரிந்த ஐயர் ஒருவரை வைத்து ரெண்டு பெட்டிஷன் அனுப்பினேன். என் அண்ணனைக் கொன்றது நீங்கள்தான் என்று எழுதச் சொன்னேன். ஐயர் தயங்கினார். "எழுதும் ஓய்!" என்று நான் கத்தினேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மைதீன் பாய் பெட்டியை வைத்தார், தண்ணீர் கேட்டார், குடித்தார். பிறகு என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி என் இடது புருவத்துத் தழும்பைத் தொட்டார்.

"இதுதானா தம்பி அது?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பின்கழுத்திலே மச்சம் இருக்கா? திரும்புங்க" என்றார். திரும்பினேன். அவர் "யா அல்லா" என்று சொல்லிவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணே, அந்த நிமிஷம்வரை எனக்கு அது ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை.

நம் கடைப் பழக்கம் உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அப்பா காலத்திலிருந்தே கடைக்கு ஒரே கையெழுத்து, நம் பேச்சில் ஒரே ஒப்பு. நீ போட்டாலும் அதுதான், நான் போட்டாலும் அதுதான். சுங்கச் சாவடியிலும் சந்தையிலும் "தாணு யாரு?" என்று உன் பேரைச் சொல்லிக் கேட்டால், நம்மில் எவன் பக்கத்தில் நிற்கிறானோ அவன் "நான்தான்" என்பான். நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் பேரில் நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். எனக்கு வந்த சம்மனுக்கு நீ போயிருக்கிறாய். ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை. அண்ணன் தம்பிக்குள் என்ன வித்தியாசம் என்று ஊரே விட்டுவிட்டது.

அப்படி இருக்கையில் இன்சூரன்ஸ் கம்பெனி ஏஜெண்டு ஒருவன் வந்தான். கடல் தாண்டிப் போகிறவனுக்கு அங்கே நோய் வந்தால், கம்பெனி ஜாமீன் நின்று நல்ல ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கும் என்றான். இன்சூரன்ஸ் என்றால் செத்த பிறகு கிடைப்பது என்றுதான் நமக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறவனுக்கும் உண்டு என்று கேட்டதும் நீ சிரித்தாய். மதினிதான் அந்த இன்சூரன்ஸ் சீட்டை வாங்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள். டாக்டரிடம் உடம்பைக் காட்டி, சர்ட்டிபிகேட் வாங்கினால் போதும் என்றான் ஏஜெண்டு.

டாக்டர் சொன்ன நாளில் நாகர்கோவிலிலிருந்து பாரவண்டிகள் வந்து நின்றன. நீ மூட்டைக்கும் வண்டிக்கும் நடுவே நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாய்:

"லே வேலப்பா, நீ போய்க் காட்டிட்டு வா. நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே ஒப்புதானலே!"

போனேன். அந்த டாக்டர் வஞ்சியூர்க்காரர், நல்ல மனுஷர். அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது. "தாணுவல்லே? ஷர்ட் ஊரிக்கோ" என்றார். நானும் "அதே சார்" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றினேன். அங்க அடையாளம் என்ற இடத்தில் புருவத் தழும்பையும் கழுத்து மச்சத்தையும் எழுதிக்கொண்டார். நான் உன் பேரில் நம் கடைக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, வரும் வழியில் ஒரு காப்பியும் குடித்துவிட்டு வந்தேன். அந்த அடையாளங்களோடு கம்பெனி கொடுத்த சீட்டை நீ மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாய். உடம்பையும் கடைக் கையெழுத்து மாதிரி யார் வேண்டுமானாலும் போடலாம் என்று நினைத்துவிட்டோம், முட்டாள்கள்!

மைதீன் பாய் சொன்னார். உன்னை ஆபரேஷனுக்குப் படுக்க வைத்திருந்தார்களாம். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஜாமீன் எழுத வந்த கம்பெனி ஆள் சீட்டைப் பிரித்து அடையாளம் பார்த்திருக்கிறான். உன் புருவத்தில் தழும்பு இல்லை. புரட்டிப் பார்த்தான், கழுத்தில் மச்சம் இல்லை. "இந்தச் சீட்டுக்காரன் நீ இல்லை. பிறகு யார்? உள்ளதைச் சொல், இல்லாவிட்டால் போலீசைக் கூப்பிடுவேன்" என்றானாம்.

"நான் காசு கட்டுதேன், மொதல்ல அறுங்கன்னு காலப் பிடிச்சேன் தம்பி" என்றார் பாய். "ஆஸ்பத்திரிக்காரங்க சம்மதிச்சாங்க. ஒங்க அண்ணன்தான் கேக்கல. கட்டில்லேருந்து எறங்கி நின்னுட்டாரு. நிக்க முடியல, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. என் காதுல சொன்னாரு: 'பாய், போலீசு வந்தா தம்பி பேரு வரும். பொய் ஒப்பு போட்டவன்னு அவனைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க. பிள்ளைகுட்டிக்காரன். வாரும், வேற எங்கயாவது போவம்'னாரு."

அண்ணே!

செவ்வாய்க்கிழமையிலிருந்து இதை எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன் தெரியுமா? ஒரு தடவையாவது நீ என் பேரைச் சொல்லிவிட மாட்டாயா என்று பார்க்கிறேன். சொல்லியிருந்தால் என்ன? ஜெயிலில் களி தின்றிருப்பேன், ஆறு மாதமோ ஒரு வருஷமோ. திரும்பி வந்தால் நீ இருந்திருப்பாய். ஒரு மிட்டாயைக்கூட எனக்கு விட்டுக்கொடுக்காதவன் நீ. இதை ஏன் விட்டுக்கொடுத்தாய்?

தர்ம ஆஸ்பத்திரியில் கூட்டம். உன் முறை வர ரெண்டு நாள் ஆயிற்று. அதற்குள் உள்ளே வெடித்துவிட்டதாம். அங்கிருந்தவர்களும் பாடுபட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள், முடியவில்லை. "கடைசி வரைக்கும் நெனவு இருந்துது. ஊருக்குப் போனா தம்பிகிட்ட இதச் சொல்லாதீரும்னாரு. எனக்கு நெஞ்சு தாங்கல, சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு பாய் அழுதார். நான் அழவில்லை.

மதினியிடம் சொல்ல எனக்கு ரெண்டு நாள் ஆயிற்று. சொல்லாமலே இருந்துவிடலாம் என்றும் தோன்றியது, மறைப்பானேன். பாய் ஊருக்குப் போய்விட்டார். வெளியே யாருக்கும் தெரியாது. மதினி அந்த வெள்ளைக்காரனைச் சபித்துக்கொண்டே காலத்தைத் தள்ளுவாள். உன் பெண்கள் என்னைச் சித்தப்பா என்று கட்டிக்கொள்வார்கள். சொன்னால் இது எல்லாம் போய்விடும். அந்த வீட்டு வாசல் எனக்கு இருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் நேற்றுக் காலையில் மதினி மூன்றாவது பெட்டிஷன் எழுதச் சொல்லிக் காகிதத்தை எடுத்து வந்தாள். என்னால் முடியவில்லை. அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் அரிவாள்மணையில் சேனை நறுக்கிக்கொண்டே கேட்டாள். நான் சொல்லி முடித்தபோது கத்துவாள், அடிப்பாள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவாள் என்று காத்து நின்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த டாக்டர் ஒங்கள எப்படிப் பாத்தாரு?"

"சட்டையைக் கழத்தச் சொன்னாரு. நெஞ்சிலே குழாய் வச்சுப் பாத்தாரு."

"வயித்த?"

"படுக்கச் சொல்லி அமுக்கிப் பாத்தாரு. இங்க வலிக்குதா, அங்க வலிக்குதான்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் இல்லேன்னேன்."

மதினி என்னையே பார்த்தாள். "தை மாசத்திலேருந்து ஒங்க அண்ணனுக்கு வலப்பக்கம் அடிவயித்திலே வலி. வாயுன்னு சொல்லி ஓமத்தண்ணி குடிச்சிட்டுக் கெடந்தாவ. யார்ட்டயும் சொல்லாதன்னாவ. ஒரு டாக்டர் பாக்கட்டும்னுதான் நான் அந்தச் சீட்டு வாங்கச் சொன்னதே. இல்லேன்னா எனக்கு எதுக்கு இன்சூரன்ஸு?"

சேனைத் துண்டுகள் தண்ணீரில் கிடந்தன. நான் தரையில் உட்கார்ந்தேன்.

அதுவரை ரெண்டு நாளாக நான் ஒரு காகிதத்துக்காக என்னைச் சபித்துக்கொண்டிருந்தேன் அண்ணே. தழும்பு பொருந்தவில்லை, மச்சம் பொருந்தவில்லை என்று. வஞ்சியூரில் அந்தக் கட்டிலில் நீ படுத்து, அந்த டாக்டர் விரல் உன் வயிற்றின் வலப்பக்கத்தை ஒரு தடவை அமுக்கியிருந்தால், நீ "ஆ" என்றிருப்பாய். நீ கப்பலே ஏறியிருக்க மாட்டாய். இங்கேயே, நம் ஊர் ஆஸ்பத்திரியிலேயே அறுத்து எடுத்திருப்பார்கள். உனக்காக இருந்த அந்த விரலுக்கு முன்னால் நான் போய் என் நல்ல வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வண்டி வந்ததால்தான் என்னை அனுப்பினாயா? இல்லை, வலி தெரிந்தால் பயணத்தைத் தடுத்துவிடுவார்கள் என்று பயந்து அனுப்பினாயா? தெரிந்தே செய்தாயா அண்ணே? எது உண்மையாக இருந்தால் எனக்குத் தாங்கும் என்றே தெரியவில்லை.

மதினி என்னை வெளியே போகச் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. இன்று காலை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடச் சொன்னாள். விட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். நாளைக்கு வஞ்சியூர் டாக்டரிடம் போவேன். அன்று சட்டையைக் கழற்றியவன் தாணு இல்லை என்று சொல்வேன். அவர் கம்பெனிக்கு எழுதட்டும், போலீசுக்கு எழுதட்டும், என்ன வந்தாலும் நின்று வாங்கிக்கொள்வேன். நீ உயிரைக் கொடுத்து மறைத்ததை நான் வெளியே சொல்வது உனக்குக் கோபமாக இருக்கும். இருக்கட்டும், இந்த ஒரு விஷயத்தில் உன் பேச்சைக் கேட்கமாட்டேன். அதற்குப் பிறகு சாலைக் கடைத்தெருவிலிருந்து கொழும்புக்கோ பினாங்குக்கோ ரங்கூனுக்கோ எவன் கிளம்பினாலும், அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் படுக்க வைப்பேன். அவன் வயிற்றை அவர் அமுக்கி முடிக்கிறவரை கதவை மறித்துக்கொண்டு நிற்பேன். வண்டி வந்து நிற்கிறது என்று எவனாவது சொன்னால், செவிட்டில் ஒன்று கொடுப்பேன்.

உனக்காகப் போய்ப் படுத்து, உன்னைப் போகவிட்டவன்,
உன் தம்பி வேலப்பன்