தம்பி இறங்கக்கூடிய எடை

மார்ச் 6, வியாழன்

முதலில் ஒரு மன்னிப்பு. உட்கார்ந்து எழுதிவைக்கும் அளவுக்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. மருந்துக் கம்பெனிக்காரர் ஆஸ்பத்திரியில் கொடுத்த டைரி இது. ஆட்டுச் சந்தைக்கு எடுத்துப் போகட்டும் என்று வாப்பாவிடம் கொடுத்தேன். “படிச்சவதான எழுதணும், எனக்கென்னத்துக்கு” என்று திருப்பித் தந்துவிட்டார். யாரிடமும் வாய்விட்டுப் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

தம்பி முஆத் மேலப்பாளையத்துக்கு வந்திருக்கிறான். பெங்களூரில் குதிரைப் பந்தயப் பயிற்சி முடித்தாயிற்று. இனி ஜாக்கி லைசென்ஸ் வாங்க வேண்டும். ரமலான் முழுக்கப் பிள்ளை வீட்டில் இருப்பான் என்று உம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இன்று நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழத்தில் பாதியைக் கடித்தான். உம்மா வடை எடுக்க அடுப்படிக்குப் போன நேரத்தில் தன் கோப்பையிலிருந்த கஞ்சியை என் கோப்பையில் ஊற்றினான். குடித்துவிடு என்று கண்ணைக் காட்டினான்.

குடித்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றும்.

மார்ச் 12, புதன்

இன்றுதான் விவரமாகச் சொன்னான். ஜாக்கி கனமாக இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் சேரப்போகும் கிளப்பில் இன்னொன்றும் கேட்கிறார்களாம். இந்த எடைக்குக் கீழே இறங்கினால் உடம்புக்கு ஆபத்து என்று ஓர் எல்லையை டாக்டர் அளந்து எழுதித் தர வேண்டும். அதற்குக் கீழே அவன் சவாரி செய்ய முடியாது. உடம்பில் கொழுப்பு மிச்சம் இருந்தால் எல்லை இன்னும் கீழே போகும். மிச்சம் இல்லையென்றால் இப்போதைய எடைதான் எல்லை.

“அம்பத்திரெண்டு கிலோன்னு எழுதிட்டாவன்னா என்னைய எவன் கூப்பிடுவான் லாத்தா? ஒவ்வொரு குதிரையும் எவ்வளவு எடை சுமக்கணும்னு முன்னாலயே எழுதிருவாவ. எடை கூடச் சுமக்குற குதிரைக்கெல்லாம் பெரிய பெரிய ஜாக்கிமாரு இருக்காவ. புதுப் பயலுக்குக் கெடைக்கது அம்பது கிலோ சுமக்குற குதிரைதான்.”

“உன் எடை இப்ப எவ்வளவுலே?”

“அம்பத்தொண்ணரை. நீதான அளக்கப் போற. உனக்குத் தெரியாததா?”

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் விளையாட்டுக்காரர்களுக்குக் கொழுப்பு அளந்து கொடுப்பது என் வேலை. நான் எழுதுவதைப் பார்த்து டாக்டர் பத்மப்ரியா கையெழுத்துப் போடுவார். முஆதுக்கு இது தெரியும். தெரிந்துதான் ஊருக்கு வந்திருக்கிறானோ? தம்பியைப் பற்றி இப்படி நினைக்கிறேனே.

மார்ச் 18, செவ்வாய்

சுடிதார் இடுப்பில் பிடிக்கிறது. உம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நோன்புல ஒடம்பு வைக்கது இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்ளா.”

முஆத் விழுந்து விழுந்து சிரித்தான். “லாத்தா மத்தவங்களுக்குத்தான் டயட் எழுதிக் குடுக்கும், உம்மா.”

நானும் சிரித்தேன். என்ன செய்ய? பகலெல்லாம் யார் யாருக்கோ இவ்வளவு சாப்பிடுங்கள், இதை விடாதீர்கள் என்று எழுதிக் கொடுக்கிறேன். சாயங்காலம் தம்பியின் கஞ்சியைக் குடிக்கிறேன்.

நான் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றபோது பெரியவாப்பா வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. நான் கதவுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நின்றேன். முஆத்தான் நடுவில் போய் நின்று, “லாத்தா படிக்கும். நான் கொண்டுபோய் விட்டுட்டு கூட்டிட்டு வாரேன்” என்றான். அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. சொன்னபடி முதல் வருஷம் முழுக்க சைக்கிளில் கொண்டுபோய் விட்டான்.

அதை அவன் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு மறுக்க வந்திருக்கும்.

மார்ச் 20, வியாழன்

அளந்தேன்.

கையின் பின்பக்கம், தோள்பட்டைக்குக் கீழே, வயிறு, இடுப்பு. தோலைக் கிள்ளிப் பிடித்துக் கருவியை வைத்தால் முள் நகர வேண்டும். முஆதுக்குக் கிள்ள ஒன்றும் இல்லை. வெறும் தோல்தான் வந்தது. கணக்குப் போட்டால் ஐந்து சதவீதம். அதற்குக் கீழே போகவே கூடாது. அப்படியென்றால் ஐம்பத்தொன்றரையிலேயே அவன் எல்லைக்கு வந்துவிட்டான்.

ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கூட்டி எழுதினேன். எட்டு சதவீதம் ஆயிற்று. எல்லை ஐம்பதுக்கு இறங்கிவிட்டது.

சிறுநீர்ப் பரிசோதனையில் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று வந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன ஹனீன், இவ்வளவு வறண்டு போயிருக்கு?”

“நோன்பு, டாக்டர்.”

“ஓ, ஆமா. நோன்பு முடிச்சிட்டு வரச் சொல்லுவமா?”

“லைசென்ஸுக்குக் குடுத்த தேதி போயிரும், டாக்டர்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நோன்பு என்றதும் அவர் குரலில் ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதையை வைத்து நான் ஏமாற்றினேன். நோன்பு பொய் இல்லை. அவன் பிடிக்கிறான். திறப்பதுதான் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

தொழுதேன். கையேந்தி உட்கார்ந்தும் ஒன்றும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

மார்ச் 31, திங்கள்

பெருநாள். சேரன்மகாதேவியிலிருந்து சிவசைலம் அண்ணாச்சி வந்திருந்தார். வாப்பாவின் கூட்டாளி. குதிரை வண்டிப் பந்தயத்துக்குக் குதிரை வளர்க்கிறவர். முஆத் முதன்முதலில் ஏறியது அவர் குதிரையில்தான்.

“ஏலே, காத்தடிச்சா பறந்துருவ போலுக்கே. பிரியாணிய வச்சி ஒரு அமுக்கு அமுக்கு.”

“அமுக்குதேன் அண்ணாச்சி.”

தட்டில் சோற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருந்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பெருநாளுக்குப் பிறகு ஆறு நோன்பும் பிடித்து முடித்துவிட்டுப் பெங்களூருக்கு ரயிலேறினான். “என் புள்ள மாதிரி இந்தத் தெருவுல எவன் பிடிக்கான்” என்று உம்மா பக்கத்து வீட்டு மும்தாஜ் பேகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

மே 17, சனி

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. முதல் பந்தயத்தின் வீடியோ வந்தது. நாலாவதாக வந்தான். வாப்பா சந்தையில் ஆடு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். “பச்சைச் சட்டை நம்ம பய வே.”

பந்தயம் முடிந்து சேணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து வரும்போது ஒரு நொடி சுவரைப் பிடித்துக்கொள்கிறான். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

போன் பண்ணி, “சாப்பிடுதியா?” என்று கேட்டேன். “ம்” என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

முஆத் விழுந்துவிட்டான்.

அவன் அறையில் தங்கியிருக்கும் இன்னொரு ஜாக்கி ஸ்ரீசரண் போன் பண்ணினான். காலைப் பயிற்சியில் விழுந்ததில் காறை எலும்பு முறிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை. உயிருக்கு ஒன்றும் இல்லை என்று எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிவிட்டேன்.

“குதிரை இடறிச்சின்னு எல்லார்கிட்டயும் சொல்றான்கா. இடறல. நான் பின்னாலதான் வந்தேன். ஓடிட்டு இருக்கும்போதே இவன் தலை தொங்கிருச்சு. என் குதிரை அவன மிதிக்காம எப்படி விலகிச்சின்னே தெரியல.”

“தண்ணி குடிப்பானா?”

“வாய் கொப்பளிச்சித் துப்புவான்கா.”

நான்தான் — நான் கூட்டி எழுதின அந்த மூணு சதவீதம்தான் அவனைக் கீழே தள்ளிச்சு. வேற யாரு? டாக்டரா? உம்மாவா? நான்தான்.

ஜூன் 7, சனி

பக்ரீத். கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறான். கண் பட்டுவிட்டது என்கிறாள் உம்மா. தெரு முழுக்கக் கறி மணம். ஈரலை உம்மா ஊட்டிவிட்டாள். மென்றுகொண்டே எழுந்து பின்பக்கம் போனான். துப்பும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஜூலை 14, திங்கள்

எலும்பு கூடிவிட்டது. மறுபடி ஏற வேண்டுமென்றால் மறுபடி சான்றிதழ் வேண்டுமாம்.

“போன தடவை மாதிரியே போட்டுரு லாத்தா.”

“தலை தொங்கிருச்சாம்லா?”

“அந்த ஸ்ரீசரண் ஒரு ஓட்ட வாயன். அன்னைக்கு வெயிலு, அவ்வளவுதான்.”

“காலைல ஆறு மணிக்கு என்னலே வெயிலு?”

சிரிக்கப் பார்த்தான். அவனுக்கு வரவில்லை. எனக்கும்.

ஜூலை 16, புதன்

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, நின்றுகொண்டே. நான்கு இடத்திலும் கூட்டி எழுதினது, நோன்பைச் சாக்குச் சொன்னது, தலை தொங்கினது எல்லாம்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

“நீ அளந்தா நான் ரெண்டாம் தடவை அளக்கதில்ல. அது உனக்குத் தெரியும்லா?”

“தெரியும், டாக்டர்.”

“நாளைக்கு அவனக் கூட்டிட்டு வா. நானே அளக்கேன். கிளப்புக்கும் நானே எழுதுதேன். நீ இனிமே யாரையும் தனியா அளக்க வேண்டாம்.”

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றேன். பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. இன்னும் வீட்டில் அவனிடம் சொல்லவில்லையே.

ஜூலை 17, வியாழன்

எல்லை ஐம்பத்துமூன்று. ரத்தமும் எலும்பும் பார்த்துவிட்டு டாக்டர் எழுதியது. முதலில் அந்த எடைக்கு ஏற வேண்டும், பிறகுதான் குதிரை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னது நான்தான் என்று பேருந்தில் அவனிடம் சொன்னேன். வீட்டுக்குள் நுழைந்ததும் உம்மாவுக்கு முன்னாலேயே கேட்டான்.

“என் வயித்துல அடிக்கதுக்குத்தான் உன்னைய சைக்கிள்ல வச்சி மிதிச்சனா?”

முதல் முறையாகச் சொல்லிக்காட்டினான். என்ன நடந்தது என்று உம்மா கேட்டாள். சொன்னேன். கஞ்சியையும் சொன்னேன்.

உம்மா என்னைத் திட்டவில்லை. “அவன் கஞ்சியையா குடிச்ச? என் கண்ணு முன்னாலயா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு பீடி இலையை வெட்ட ஆரம்பித்தாள்.

ஜூலை 25, வெள்ளி

மூன்று வேளையும் உம்மா அவன் எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். தட்டு காலியாகும்வரை எழுந்திருப்பதில்லை. என்னோடு அவன் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ஐம்பத்துமூன்றரை வந்துவிட்டது. கிளப்பில் நிறுத்தி வைத்திருந்த லைசென்ஸைத் திருப்பித் தந்துவிட்டார்கள், ஐம்பத்துமூன்றுக்குக் கீழே கூடாது என்ற நிபந்தனையோடு. பயிற்சியாளர் காலை ஓட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். பந்தயத்துக்குக் கூப்பிடுவேன் என்று சொல்லவில்லை.

இன்று ரயிலேறினான். ஜங்ஷனுக்கு நானும் போனேன். வாப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனதும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம்.

“ஒரு குதிரைகூட கெடைக்காமப் போவலாம்” என்றான், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு.

“ம்.”

“சந்தோசமா உனக்கு?”

“இல்லலே.”

வாப்பா வந்துவிட்டார். ரயில் கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, “வாரேன்” என்றான். அதில் லாத்தா இல்லை.

மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். எதற்கென்று கேட்பது? கூட்டி எழுதினதற்கா, டாக்டரிடம் சொன்னதற்கா? அவன் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வான். இரண்டாவதற்கு நான் கேட்க மாட்டேன். இவ்வளவு நாளும் அவனிடம் கேட்க நினைத்தது வேறு. அங்கே நின்றபோதும் வாய் வரவில்லை. இங்கே எழுதிப் பார்த்துவிட்டுப் போனில் அனுப்பிவிடுகிறேன்.

முஆத், மறுபடி தலை சுற்றினால் முதலில் என்னிடம் சொல்லு. சொன்னால் நான் டாக்டரிடம் சொல்லிவிடுவேன். அது உனக்குத் தெரியும். தெரிஞ்சே சொல்லுலே.