கடல் பக்கத்து வளைவு

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம். காலையிலேயே மொட்டைமாடி சுடுகிறது. இன்று புதுப்பட்டினம் கிளினிக். செங்கல்பட்டிலிருந்து கிளம்பி திருக்கழுக்குன்றம் தாண்டியதும் காரில் ஏ.சி. மக்கர். முதல் நோயாளிக்குப் பல் பிடுங்கும்போது என் முதுகெல்லாம் ஈரம்.

வாங்க: ஸ்பிரிட், மெல்லிய சால்டர் கம்பி, தோசை மாவு, பாபுவின் பி.பி. மாத்திரை.

மாடி அறையில் என் மாடல் ரயில் துணி போர்த்திக் கிடக்கிறது. ஊரார் ரயிலுக்குத்தான் வைத்தியம். பல்லுக்கு ஃபீஸ் வாங்குகிறாய், ரயிலுக்கு ஏன் இலவசம் என்று பாபு கேலி. புருஷன் என்பதால் விட்டுவிடுகிறேன்.

மதியம் கிருபாகரன் போன். எங்கள் மாடல் ரயில் குழுவில் புதியவர். ஐ.டி. வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. திண்டுக்கல் பக்கத்துக்காரர். சதுரங்கப்பட்டினத்தில் கடலை ஒட்டி மாடி வீடு, வாடகை. ஒரு அறை முழுக்க ரயில். அடுத்த வார ஞாயிறு, பதினெட்டாம் தேதி, சென்னை ஆட்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் இன்ஜின் கடல் பக்கத்து வளைவில் தண்டவாளத்தை விட்டு இறங்க ஆரம்பித்துவிட்டதாம். குரலில் அழுகை மாதிரி.

எல்லோரிடமும் கேட்பதையே கேட்டேன்.

ஒரே இடத்திலா, வெவ்வேறு இடத்திலா?
இன்ஜின் மட்டுமா, பெட்டிகளும் இறங்குமா?
கையால் மெதுவாகத் தள்ளினாலும் இறங்குகிறதா?
யாராவது துடைத்தார்களா? ஈரத்துணி?

கடைசிக் கேள்விக்கு, தேன்மொழிதான் நேற்று துடைத்தாள் என்றார். அவர் மனைவி. சின்னப் பெண். குழுவோடு ஒரு முறை போனபோது டீ கொடுத்தாள், பேசவில்லை. இருக்கலாம், துணியின் நூல் சக்கரத்தில் சிக்கும் என்றேன். ஸ்பிரிட்டால் துடையுங்கள், விரலால் தடவி மேடு பள்ளம் பாருங்கள். நன்றி மேடம், நன்றி மேடம் என்று போனை வைத்தார்.

மாவு வாங்க மறந்தேன்.

மே 8, வியாழன்

கிருபா மறுபடி. ஸ்பிரிட் போட்டாயிற்று, சக்கர இடைவெளி பார்த்தாயிற்று. காலையில் ஓடுகிறது, மதியம் இறங்குகிறது. அந்த அறைக்குள் இனி அவள் கால் வைக்க மாட்டாள், கண்டித்துவிட்டேன் என்றார். வீடியோ அனுப்பச் சொன்னேன்.

கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து உடைந்து வந்தது. மணிக்கட்டு வலி.

மே 10, சனி

எழுதினால் கோபம் அடங்குமா பார்க்கிறேன்.

பு.பட்டினம். தேன்மொழி வந்தாள், கிருபா கூட்டிவந்தார். மேல் முன்பல் பாதியாக உடைந்திருக்கிறது. உதட்டின் உள்பக்கம் கிழிசல், ஆறத் தொடங்கியது. தாடைக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாகப் பழைய அடி. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம். விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பு இல்லை. இருபது வருடமாக வாய்க்குள் பார்க்கிறேன். விழுந்து உடைந்த பல் வேறு, அடியில் உடைந்த பல் வேறு.

கிருபாவை வெளியே உட்காரச் சொன்னேன். ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருந்தோம். தட்டில் என் போன் அதிர்ந்தது. அவர்தான், வெளி பெஞ்சிலிருந்து. வீடியோ. வளைவில் இன்ஜின் சாய்ந்து இறங்குகிறது. கீழே: ஃப்ரீயானதும் பாருங்க மேடம், அதே இடம்.

தேன்மொழி அந்தத் திரையைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த ரயில் எப்பச் சரியாகும்?"

ஏன் என்று கேட்டேன்.

"அது எறங்காத அன்னைக்கு ஒண்ணும் இருக்காது."

மீதியை மரத்த உதட்டோடு சொன்னாள். செவ்வாய்க்கிழமை போனை வைத்ததும் நேராகச் சமையலறைக்கு வந்தானாம். எந்தத் துணியால் துடைத்தாய் என்று கேட்டானாம். அவள் துணியை எடுத்துக் காட்டக் குனிந்தபோது தலைமுடியைப் பிடித்து மேடையில் முட்டினானாம். கல் மேடை.

ஈரத்துணி. என் கேள்வி. நான் சாதாரணமாகக் கேட்டது.

போலீஸ் என்றேன். தலையை ஆட்டினாள். வேண்டாம், ரயிலை மட்டும் சரி பண்ணிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். உடைந்த பல்லுக்குத் தற்காலிக உறை போட்டு அனுப்பினேன். கிருபா ஃபீஸ் கொடுத்தார், புன்னகைத்தார், நாளை வீட்டுக்கு வர முடியுமா மேடம் என்றார். வருகிறேன் என்றேன். அந்த வாயை உடைக்கத் தோன்றியது. இடுக்கி கையில்தான் இருந்தது.

மே 11, ஞாயிறு

பாபுவிடம் எல்லாம் சொன்னேன். தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம், ஆளைப் பார்த்தால் உஷாராவான் என்று தனியாகப் போனேன்.

அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பதினொரு மணி வரை ரயில் அழகாகச் சுற்றியது. பிறகு வெயில் ஏற ஏற அறை அடுப்பு. குனிந்து கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு வைத்துப் பார்த்தேன். கடல் பக்கத்து வளைவில் தண்டவாளம் பலகையை விட்டு எழும்பி, வெளிப்பக்கமாக வயிறு தள்ளியிருந்தது. இணைப்பு ஒன்று விடாமல் சால்டர் ஈயம் உருக்கி ஒட்டியிருக்கிறான். சூட்டில் நீளும் உலோகத்துக்குப் போக இடம் இல்லை. பலகையின் ஓரங்களுக்கும் வார்னிஷ் இல்லை, கடல் காற்றில் ஊறி உப்பல். துடைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

பல் அறுக்கும் சின்னச் சக்கரத்தால் இரண்டு இடத்தில் வெட்டி இடைவெளி விட்டேன். வெட்டின இடத்தில் மின்சாரம் அறாமல் அடியில் தனி ஒயர். ரயில் ஓடியது. வெயில் உச்சியிலும் ஓடியது. கிருபா குழந்தை மாதிரி கைதட்டினான்.

"கிருபா, தப்பு உங்க சால்டர்ல. துடைச்சதுல இல்ல."

அவன் சிரித்தான்.

"அப்ப இந்தத் தடவை அவ தப்பிச்சா மேடம்."

சொல்லிக்கொண்டே கதவருகே நின்றவளின் தலையைத் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினான். அவள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். தட்டிக்கொடுக்கத்தான். ஆனாலும் மூடிக்கொண்டாள்.

அவன் மோர் எடுக்கப் போன இடைவெளியில் என்னோடு இப்போதே கிளம்பு என்றேன். அவள் பி.எட். சான்றிதழெல்லாம் அவன் பீரோவில், சாவி அவன் இடுப்பில். அடுத்த ஞாயிறு விருந்தாளிகள் வந்து போகட்டும், அதற்குப் பிறகு யோசிக்கிறேன் என்றாள்.

கீழ்வீட்டில் அஞ்சலை. மீன் விற்கிறவள். காருக்குப் பக்கத்தில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ரயிலு ஓடுச்சா டாக்டரம்மா? ஓட்னா இன்னா. நாளிக்கி கொயம்புல உப்பு கம்மியாக்கீதுன்னு ஒண்ணு வுடுவான். நான் கீயதான கீறேன், எல்லாம் காதுல வியுது. அந்தப் பொண்ணு கத்தறதே இல்ல. தொப்பு தொப்புன்னு சத்தம் மட்டும்."

என் நம்பரை அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். பகலோ ராத்திரியோ, கூப்பிடு.

மே 13, செவ்வாய்

வெயில். பு.பட்டினம். தேன்மொழிக்கு இன்று நிரந்தர உறைக்கு அளவெடுக்க வேண்டும். வரவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று கிருபா போன். அதே மூச்சில், மாடல் ஸ்டேஷனில் விளக்கு போட்டேன், ஒன்றன் பின் ஒன்றாகக் கருகுகிறது, ஏன் மேடம்? ஒவ்வொரு விளக்குக்கும் மின்சாரத்தைக் குறைக்கத் தனி ரெசிஸ்டர் வையுங்கள் என்றேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது. அவன் போனை வெட்டிவிடக்கூடாதே. அவளிடம் கொடுங்கள், காய்ச்சல் எப்படி என்று கேட்கிறேன் என்றேன். தூங்குகிறாள் என்றான்.

விளக்கு கருகாது. அவளை அடிக்க இன்று அந்தக் காரணம் இருக்காது. அஞ்சலை சொன்னது சரி. ரயிலை நான் எவ்வளவு சரி செய்தாலும் அவன் வேறு ஒன்றைக் கண்டுபிடிப்பான். ரயிலில் கோளாறு இல்லை.

குழுவில் பிளாட்பாரத்துக்கு எந்த வண்ணம் என்று நாள் முழுக்கச் சண்டை.

மே 17, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோணல்.

காலையில் கிளினிக்கில் இருந்தபோது அஞ்சலை போன். "வண்டிய எத்துனு வா டாக்டரம்மா. இன்னிக்கி வுட மாட்டான் போலக்கீது." நோயாளியை வாய் திறந்தபடி விட்டு ஓடினேன்.

மாடிக் கதவு தாழிடவில்லை. ரயில் அறை. ரயில் சுற்றிக்கொண்டிருந்தது, விளக்கெல்லாம் எரிந்தது. சுவர் மூலையில் தேன்மொழி, முழங்காலுக்குள் தலை. அவன் கையில் நீள இரும்பு ஸ்கேல். தற்காலிக உறை விழுந்துவிட்டது, அதுதான் விஷயம். நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள், இந்த வாயோடு அவர்கள் முன்னால் நிற்பாயா என்று கேட்டுக் கேட்டு அடிக்கிறான். அவன் உடைத்த பல்லுக்காக. ஸ்கேலின் விளிம்பால். அவள் முன்கையில் தோல் பிளந்து சதை தெரிந்தது. சுவரில் ரத்தம், தரையில் ரத்தம், நைட்டியில் ரத்தம்.

இடையில் போய் நின்றேன். நிறுத்து என்று சொன்னேனா, நினைவில்லை. நீங்க ஒதுங்குங்க மேடம், இது வீட்டு விஷயம் என்றான். மேடம் என்றுதான் சொன்னான். அடுத்த அடி என் வலது கையில். விரல் முறிந்தது எனக்கே கேட்டது. மறுபடி ஓங்கினான். அவன் கண் என் மேல் இல்லை, என்னைத் தாண்டி அவள் மேல்.

இவன் எதைப் பார்த்து ஓடுவான் என்று எனக்குத் தெரியும். வளைவில் வந்த இன்ஜினை இடது கையால் அள்ளினேன். ஜன்னல் திறந்திருந்தது. முழு பலத்தோடு வெளியே வீசினேன்.

ஸ்கேலைப் போட்டுவிட்டுப் படிக்கட்டில் பாய்ந்தான். அவ்வளவுதான். மனைவியின் ரத்தத்தை மிதித்துக்கொண்டு இன்ஜினுக்கு ஓடினான்.

நான் அவளை எழுப்பிப் படி இறக்குவதற்குள் கீழே அஞ்சலையின் கொழுந்தன்கள் இரண்டு பேர் அவனைப் பிடித்திருந்தார்கள். வலை பின்னுவதை விட்டு எழுந்து வந்தவர்கள். மணலில் தள்ளி மிதித்தார்கள். அஞ்சலை மீன் கூடையின் பலகை மூடியால் அவன் முகத்தில் அடித்தாள், நிதானமாக, இடம் பார்த்து. மூக்கு உடைந்தது. இன்ஜினை நெஞ்சோடு அணைத்தபடியே அடி வாங்கினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதியே ஆக வேண்டும், சந்தோஷமாக இருந்தது. ஆனால் தலையில் மிதிக்கத் தொடங்கியதும் போதும், செத்துவிடுவான் என்று கத்தினேன்.

தேன்மொழி என் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா போதும்ங்கறீங்க?"

அஞ்சலைதான் கொழுந்தன்களை இழுத்து விலக்கினாள்.

அதற்குப் பிறகு போலீஸ் வண்டி, செங்கல்பட்டு, ஆஸ்பத்திரி. அவளுக்குக் கையில் தையல், ஒரு விலா எலும்பில் விரிசல். எனக்கு இரண்டு விரல். மகளிர் காவல் நிலையத்திலிருந்து வந்தவர் கேட்கக் கேட்க அவளே எல்லாம் சொன்னாள். கல் மேடை, துணி, ஸ்கேல். எழுதுகிறவர் பேனாவை நிறுத்தும்போதெல்லாம் காத்திருந்து சொன்னாள்.

மே 18, ஞாயிறு

மேகம், மழை இல்லை. தேன்மொழி எங்கள் வீட்டில், மாடி அறையில். வேறு அறை இல்லை. ரயில் பலகையைச் சுவரோரம் தள்ளிப் பாய் போட்டோம். அதைப் பார்த்துக்கொண்டு தூங்க முடியுமா என்று கேட்டேன். இது உங்களுதுதானே என்றாள்.

பாபு பீரோ சாவியை போலீஸ் மூலம் வாங்கி, அஞ்சலையைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவள் சான்றிதழ், துணிமணி எடுத்துவந்தார்.

குழுவிலிருந்து ஒருவர் போன். இன்று போகலாம் என்று கிளம்பினோமே, என்ன ஆயிற்று? சொன்னேன். ஐயோ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, குடும்ப விவகாரம், நாம் என்ன சொல்வது. அந்த ரயில் லேஅவுட் வீணாகாமல் யாராவது எடுத்துவந்தால் நல்லது என்றார். அவள் விலா எலும்பை யார் எடுத்துவருவது என்று கேட்டேன். குழுவிலிருந்து விலகினேன். பல வருடப் பழக்கம்.

விரல் குத்துகிறது. மாத்திரை.

மே 20, செவ்வாய்

லேசான தூறல், மண் வாசம். புதுப்பட்டினம் பூட்டிக் கிடக்கிறது. கட்டு அவிழ்த்த பிறகு விரல் பழையபடி மடங்குமா என்று எலும்பு டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிருபா ரிமாண்டில். அவன் அக்கா போன் செய்து, ஒரு பொம்மைக்காக என் தம்பியை ஜெயிலில் போட்டுவிட்டீர்களே என்றாள். வைத்துவிட்டேன்.

தேன்மொழியின் அண்ணன் நாளை வருகிறான். ஊருக்குப் போவதா, இங்கே பள்ளிக்கூட வேலை தேடுவதா, அவள் முடிவு செய்யவில்லை.

காலை நாஸ்தா. பாபு இட்லி வைத்தார். தண்ணீர் எடுக்க எழுந்தவள் கையிலிருந்து கண்ணாடி டம்ளர் நழுவிச் சிதறியது. உடனே இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். தையல் போட்ட கை. பாபு எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். யாரும் நகரவில்லை. தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள்.

மெல்லக் கையை எடுத்தாள். எங்களைப் பார்த்தாள். எழுந்து அலமாரியிலிருந்து இன்னொரு டம்ளரை எடுத்தாள். பாபுவை நேராகப் பார்த்தபடி, டம்ளரைப் பிடித்த விரல்களை வேண்டுமென்றே விரித்தாள். அதுவும் உடைந்தது.

பாபு தன் வீட்டுச் செருப்பைக் கழற்றி அவள் பக்கம் தள்ளினார்.

"போட்டுக்கம்மா, கால்ல குத்தும். மேல் தட்டுல இன்னும் நாலு கெடக்கு."