நோன்பு மாதத்து அடுப்பு

அன்புள்ள உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும்.

தனியாகப் பிரதேச சபைக்குப் போனேன் என்று போனில் ஏசினீர்கள். வாய் வரவில்லை. அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

நீங்கள் சொன்னபடி குறிஞ்சாக்கேணிச் சாச்சி வீட்டில் போய் இருக்க மாட்டேன்.

சந்தைக் கடை வாடகையில் சபை ஒதுக்கிய கூரைக் காசு, ஆள் குடியிருக்கிற அரைகுறை வீடுகளுக்குத்தான். நான் போனால், நீங்கள் குவைத்தில் உழைத்து எழுப்பிய சுவர் கூரையில்லாமல் அப்படியே நிற்கும். வாடகை வீட்டுக்காரன் நம்முடைய அலுமாரியைத் தெருவில் இறக்கியது ஒருதரம் போதும்.

வீட்டைப் பார்க்கச் சபை அனுப்பிய உத்தியோகத்தர் சேர் ஊருக்குப் புதியவர். வாசலில் நின்று கூப்பிட்டார். ஆம்பிளைக் குரல் கேட்டதும், நீங்கள் பழக்கியபடி, மூச்சுக் காட்டாமல் ஓலை சாத்திய உள்ளறையில் ஒளிந்தேன். அவர் குசினியை எட்டிப் பார்த்தார். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. ஆளில்லாத வீடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சபையில் எல்லாரும் ஆம்பிளைகள்.

"நோன்பு மாசத்தில பகல்ல எந்த வீட்டில சேர் அடுப்பெரியும்?" என்று கேட்டேன்.

தலைவர் சிரித்தார். "ஏன் புள்ள, அண்டைக்கு இதைச் சொல்ல வாயில்லையா?"

"அண்டைக்கு உம்மா சொன்னதைக் கேட்டேன். இண்டைக்குக் கேட்கல்ல."

தலைவர் சிரிப்பை விட்டு, வீட்டைத் திரும்பப் பார்த்து வரச் சொன்னார்.

நாளைக்குத் திரும்ப வருகிறார்கள். கதிரையை வாசலில் போட்டுவிட்டேன். கூப்பிட்டால், "ஓம், இருக்கிறேன்" என்பேன். இரவில் பக்கத்து வீட்டு நபீஸா மாமி துணைக்குப் படுக்கிறா, பயப்படாதீர்கள்.

கோபம் ஆறாவிட்டால் வந்து ஏசுங்கள். கூரைக்குக் கீழே நின்று ஏசலாம்.

நம்முடைய வீட்டிலிருந்து,
உங்கள் மகள்