எட்டில் நின்ற ட்ரெபிள்

மார்ச் 4, பாண்டுங்

எங்கள் இசைக்குழுவின் மூன்றாவது ஆல்பத்துக்கு ரிதம் கிட்டார் பதிவு இன்று தொடங்கியது, டாடான் வீட்டு மாடியில். டிரம்ஸ் அவன்தான், ஒலிப்பதிவும் அவன்தான். என்னை அண்ணன் முறையில் ‘காங்’ என்று கூப்பிடுகிறவன்.

ஆம்ப்ளிஃபயரில் கெயின் குமிழை ஏழிலிருந்து ஐந்துக்கு இறக்கினேன். கரகரப்பு அடங்கி, உள்ளங்கையால் அமுக்கி அடிக்கும் அடிகள் தனித்தனியாக விழுந்தன. நடு ஒலிகளுக்கான மிட்டில் கை வைக்கவில்லை. அதைக் குறைத்தால் தனியாகக் கேட்க ஜோராக இருக்கும். டிரம்ஸ் வந்ததும் கிட்டார் காணாமல் போகும்.

எல்லாம் சரிதான். ஆனாலும் கம்பளி போர்த்தியது மாதிரி ஒரு மந்தம். கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிளை ஆறில் வைத்தேன்.

மார்ச் 5

புதுக் கம்பிகள் மாட்டினேன். மந்தம் போகவில்லை. ட்ரெபிள் எட்டு.

மார்ச் 7

நான் பாதாகோர் சாப்பிடப் போன நேரத்தில் டாடான் மைக்கை ஸ்பீக்கரின் ஓரத்துக்கு நகர்த்தி, ட்ரெபிளையும் குறைத்திருக்கிறான்.

“காது கிழியுது காங். ஊசியால குத்துற மாதிரி இருக்கு.”

“இருபது வருஷமா இது என் சவுண்டு. தோலைத் தட்டுறவனுக்கு என்னடா தெரியும்?”

இப்படியா பேசுவேன் நான்? அவன் மைக்கைப் பழைய இடத்தில் வைத்து, ட்ரெபிளையும் எட்டுக்கே ஏற்றினான். அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 9

பதிவானதைக் கேட்டோம். “நடுவுல ஹைஹாட் தட்டை ஏன்டா அடிக்கல?” என்றேன்.

டாடான் என்னையே பார்த்தான். “அடிச்சிருக்கேன், காங்.”

திரும்பப் போட்டான். இன்னொரு தடவையும். கணினித் திரையில் அலை அலையாகத் தெரிகிறது. காதில் — இல்லை.

மார்ச் 12

காது டாக்டர் ஒரு கோட்டுப் படம் காட்டினார். நேராக வந்த கோடு கீச்சொலிகள் பக்கம் வந்ததும் சரிந்து விழுகிறது. இரண்டு காதிலும்.

“போனது திரும்பாது. மேடையை விட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம்.”

எனக்கு நாற்பத்துநாலு வயது.

மார்ச் 13

மனைவியிடம் சொன்னேன்.

“அதான் கூப்பிட்டாத் திரும்பாம இருந்தியா?” என்றாள் இமாஸ். “நான் அதுக்கு எத்தனை நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன்!”

அவள்தான் அழுதாள்.

மார்ச் 15

டாடானிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“ரெண்டு வருஷமாவே எனக்குத் தெரியும், காங்.”

“ஏன்டா சொல்லல?”

“சொன்னா நீ கிட்டாரைக் கீழ வச்சிருவ. அப்புறம் நான் யாரோட வாசிக்கிறது?”

ட்ரெபிளை அவனையே வைக்கச் சொன்னேன். நாலரையில் நிறுத்தினான்.

மார்ச் 24

எட்டுப் பாட்டும் முடிந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்தேன், கேட்பவரின் இடக்காதுக்கு ஒரு தடவை, வலக்காதுக்கு ஒரு தடவை. எனக்கு எல்லாமே சேற்றுக்குள்ளிருந்து வந்த சத்தம். டாடான் கட்டைவிரலைத் தூக்கினால் அடுத்த பாட்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஜூன் 21

இன்று சுராபாயாவில் கச்சேரி. என் இடத்தில் ரெங்கானிஸ். நல்ல கை அவளுக்கு.

ஒத்திகை நடுவே டாடான் போன் செய்தான். “காங், இவ ட்ரெபிளை ஆறுக்கு ஏத்தணும்கிறா. ஆல்பத்துல நாலரைதானே? என்ன சொல்லட்டும்?”

“அவ காதுக்கு விட்டுருடா.”

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னானோ என்னவோ.