மஞ்சள் கல் நின்ற இடம்

மச்சான்,

சன்னல் கட்டையில் கிடக்கிற மஞ்சள் கல் இன்றைக்கும் ஒரு சிட்டிகை மணல் உதிர்த்திருந்தது. காலையில் கூட்டும்போது உன் தங்கச்சி, "இந்தக் கல்லைத் தூக்கி வீசுங்களன்" என்று சலித்துக்கொண்டாள். வழக்கம்போல நான் கேளாதவனாக இருந்துவிட்டேன்.

வாகரைக் கடற்கரையில் அந்த இரண்டு கல்லும் ஒட்டியே நின்றன. ஒன்று கடலுக்குள் நீண்ட கருங்கல். மற்றது நகத்தால் கீறினாலே பொடி கொட்டும் மஞ்சள் கல். இரண்டிலும் ஒரே அலைதான் அடித்தது. கருங்கல் நனைந்தது, மஞ்சள் கல் கரைந்தது. "கருங்கல்லில கட்டு மச்சான், மற்றத நம்ப ஏலா" என்பாய். ஒரு நாள் பின்னேர மழையில், கருங்கல்லில் பாசி வழுக்கும் என்று சோம்பல்பட்டு, மஞ்சள் கல்லில் தோணிக் கயிற்றைச் சுற்றிவிட்டு வந்தேன். விடிந்தபோது வாடைக்காற்றில் கல்லும் உடைந்து தோணியும் போயிருந்தது. நம் இருவருக்கும் இருந்தது அந்த ஒரு தோணிதான். உடைந்த துண்டொன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நான் வாயைத் திறக்குமுன், கையிலிருந்த துண்டைப் பார்த்துவிட்டு நீ முந்திக்கொண்டாய். "கயிறு அறுந்து போச்சு. பழைய கயிறுதானே." அடுத்த மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போனாய். போனில் எடுத்தால், "கடல் எப்பிடிக் கிடக்கு?" என்று மட்டும் கேட்பாய். பிறகு பெட்டியில் வந்தாய். அதன்மேல் விழுந்து அழுத உன் தங்கச்சியிடம் அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கோழை மச்சான் நான்.

இப்போது அந்தக் கரையை நீ பார்க்கவேண்டும். மஞ்சள் கல் நின்ற இடத்தைக் கடல் வருடா வருடம் தின்று உள்ளே வளைந்துவிட்டது. கருங்கல் மட்டும் முனையாக நின்று அலையை வாங்கிக்கொள்கிறது. உள்ளே தண்ணீர் தூங்குகிறது. வாடையிலும் ஐந்தாறு தோணி அசையாமல் கிடக்கும். சில மாலைகளில் நம் தோணியும் அவற்றுக்குள் கிடப்பதுபோல இருக்கும். எண்ணிப் பார்க்க மனம் வராது.

இன்று பின்னேரம் அவளை அங்கே கூட்டிப்போய்ச் சொன்னேன்.

"கயிறு அறுந்து போகல்ல. நான்தான் பிழையான கல்லில கட்டினன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணனுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"பொழுது படுது, வாங்க" என்று எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே சன்னலடிக்குப் போய்க் கல்லைக் கையில் எடுத்தாள். வீசத்தான் போகிறாள் என்று நினைத்தேன். முந்தானையால் துடைத்து, உன் படத்தடியில் கொண்டுபோய் வைத்தாள்.

நாளைக்கும் மணல் உதிரும், மச்சான். இனி அதைக் கூட்டுகிறவன் நான்.