இரண்டாம் எண்

மார்ச் 4

அன்புள்ள பங்குதாரருக்கு,

நிறுவனத்தின் வரலாற்றில் இடம்பெற வேண்டிய முடிவு ஒன்றை நேற்று எடுத்தேன். ஆபீஸ் வாசலில் வலப்பக்கம் இருந்த செருப்புப் பலகை இனி இடப்பக்கம் இருக்கும். டவர் ஏறும் நம் நெட்டை ஊழியர் 'ஒட்டகம்' கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டார். பில் போடும் அம்மா, "எதுக்கும் வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க சார்" என்றார். நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் நான்கு மாதம் ஆனது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார். ஆகவே கேட்கிறேன்: இடப்பக்கம் சம்மதமா?

இதைவிடச் சிறிய செய்தியும் ஒன்று உண்டு. நம் இணையம் செத்துக்கொண்டிருக்கிறது.

கிழக்குத் தெருவுக்குப் புதிதாக இணைப்புக் கொடுத்தோம். அதற்காக நம் வீட்டு மொட்டைமாடிக் கம்பத்தில் ஒரு புதிய ரவுட்டர் வைத்தோம். வைத்த நேரத்திலிருந்து அந்தத் தெருவில் இணையம் ஒரு நிமிடம் வருகிறது, மறு நிமிடம் காணாமல் போகிறது. மின்சாரம் சரி, ஆன்டெனா சரி, சிக்னல் பளிச்சென்று இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் ஓடவில்லை என்பதுதான் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது. அங்கே கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் நேரிலேயே வந்துவிட்டார். "பேஷன்ட் வாயைத் தொறந்துக்கிட்டே உக்காந்திருக்கார். எக்ஸ்ரே பாதி வந்து நிக்குது. நான் என்னய்யா பண்ண?" என்று என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

டைனமிக் ரவுட்டிங் உன் இலாகா. ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி, தாமாகவே வழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறாய். பேசுகின்றன போலத்தான் இருக்கிறது. என்ன பேசுகின்றன என்று எனக்குத் தெரியவில்லை.

போனில் பேசினால் சண்டை வருகிறது, எழுதுங்கள் என்று நீ சொன்னபடி எழுதுகிறேன். இணையக் கம்பெனிக்காரன் தபால்தலை வாங்குவதைக் கண்டு, கவுன்ட்டரில் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

உன்,
ஒன்று


மார்ச் 8

முதலாளி அவர்களுக்கு,

பலகைக்குச் சம்மதமில்லை. இடப்பக்கச் சுவரில் ஈரம் இருக்கிறதென்று போன மழையிலேயே சொன்னேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் படித்துவிட்டு அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். நம் மொட்டைமாடிக் கம்பத்தில் புதிய ரவுட்டர். அந்தக் கம்பம் காலியாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள்?

அது இருக்கட்டும், வேலைக்கு வருகிறேன். ஒவ்வொரு ரவுட்டரும் பக்கத்து ரவுட்டருக்கு விடாமல் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். நாற்பது வினாடிக்கு வணக்கம் வரவில்லையென்றால், அது செத்துவிட்டது என்று முடிவு கட்டி வேறு வழி பார்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டை வீடுகளில் ஏன் வைக்கவில்லை என்று நான் யோசித்ததுண்டு. முதலில் வணக்கம் ஒழுங்காகப் போய் வருகிறதா என்று பாருங்கள்.

வருகிறதென்றால் கோளாறு வேறிடத்தில். ஒவ்வொரு ரவுட்டரும், 'நான் இன்ன எண், எனக்குப் பக்கத்தில் இன்னார்' என்று ஊருக்கெல்லாம் அறிவிக்கும். அதைக் கேட்டுத்தான் மற்றவை வரைபடம் போடுகின்றன. மலை டவர் ரவுட்டருக்குள் கம்ப்யூட்டர் வழியே போய், எந்தெந்த எண் எங்கிருந்து அறிவிக்கிறது என்று பாருங்கள். புதிய ரவுட்டருக்கு என்ன எண் கொடுத்தீர்கள்?

இங்கேயும் சில நாளாக இணையம் வந்து வந்து போகிறது. அத்தான் பெட்டியைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். கை வலிக்கிறதாம்.

இப்படிக்கு,
இரண்டு


மார்ச் 12

அன்புள்ள இரண்டுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நின்றுகொண்டே எழுதுகிறேன்.

வணக்கமெல்லாம் ஒழுங்காக வருகிறது. ஒட்டகத்தைக் கூப்பிட்டு, புதிய ரவுட்டருக்கு என்ன எண் என்று கேட்டேன். "எண்ணா? நான் எதுவும் போடலை சார். மேடம் எடுத்து வெச்ச பழைய செட்டிங் ஃபைல் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, 'வீடு'ன்னு பேரு. வீட்டு மேலதானே மாட்டறோம்னு அதை அப்படியே ஏத்திட்டேன். உங்களைக் கேட்டேனே, நீங்கதானே சரின்னீங்க" என்றார். சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். போனைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருப்பேன்.

ஆக, பழைய வீட்டு ரவுட்டரின் எண்ணே புதியதற்கும் வந்துவிட்டது: இரண்டு. பழைய இரண்டுதான் கம்பத்தில் இல்லையே, இதில் என்ன கோளாறு என்று நினைத்துக்கொண்டு மலை டவரைத் திறந்தேன். ஒரு குரல், 'நான் இரண்டு, எனக்குப் பக்கத்தில் ஆபீஸ்' என்கிறது. இன்னொரு குரல், 'நான்தான் இரண்டு, எனக்குப் பக்கத்தில் மலை டவர்' என்கிறது. மற்றவை இதை நம்பி ஒரு வரைபடம் போடுகின்றன, அடுத்த மூச்சில் அதைக் கிழித்துப்போட்டு வேறொன்று போடுகின்றன. கிழக்குத் தெரு அந்தக் கிழிசலில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

இரண்டாவது குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்தேன். உன் அக்கா வீட்டு மாடி. உட்காரப் போனால் நாற்காலியில் பல் டாக்டர்.

புதியதை மாட்ட ஏறிய ஒட்டகம் சொல்லித்தான் கம்பம் காலி என்பதே எனக்குத் தெரியும். யாரோ திருடிவிட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். நீ போன நாளிலிருந்து எங்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய். மலை டவர் பதில் வணக்கம் சொல்லியிருக்கிறது. நீ பேச்சை நிறுத்திவிட்டதாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டில் ஒன்று விலக வேண்டும். எது என்று நீயே சொல்.

உன்,
ஒன்று


மார்ச் 16

முதலாளி அவர்களுக்கு,

திருட்டு என்பதைப் படித்துவிட்டு அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பெனி தொடங்கிய அன்று நான் ஏன் இரண்டு என்று கேட்டேன். "ஆபீஸ் ஒண்ணு, வீடு ரெண்டு. வெறும் நம்பர்தானே, இதுல என்ன இருக்கு?" என்றீர்கள். நானும் ஒன்றும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது அதைக் கழற்றிப் பையில் வைத்தேன். வீட்டில் இணையம் நின்றால் மறுநாளே கூப்பிடுவீர்கள் என்று நினைத்தேன். நான்கு மாதம்! வீட்டில் இணையம் இல்லை என்பதே உங்களுக்குத் தெரியவில்லை. அப்படியானால் அந்த வீட்டுக்கு என்னதான் செய்ய வந்துகொண்டிருந்தீர்கள்? நான் கோபமாக எழுதவில்லை. நிஜமாகவே மலைத்துப்போய்க் கேட்கிறேன்.

எது விலக வேண்டும் என்று என்னையே சொல்லச் சொல்கிறீர்கள். பல் டாக்டரிடம் வருகிறவர்கள் எத்தனை நாள் வாயைத் திறந்துகொண்டிருப்பார்கள்? சற்று முன் இங்கே ரவுட்டரை அணைத்து அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டேன். இரண்டாம் எண் இனி உங்கள் கம்பத்தில் இருக்கும் ரவுட்டருக்குத்தான். 'உன்னுடையது இருக்கட்டும்' என்று ஒரு வரி எழுதியிருந்தால், கடிதத்தை இன்னொரு முறை படித்திருப்பேன்.

இப்படிக்கு,
பழைய பங்குதாரர்


மார்ச் 16

அன்புள்ள இரண்டுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. நானே கம்பத்தில் ஏறினேன். ஒட்டகம் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க ஏறி நான் பார்த்ததே இல்லை. கீழ மட்டும் பாக்காதீங்க" என்றார். சொன்னதும் பார்த்தேன்.

புதியதைக் கழற்றி இறக்கிவிட்டேன். "வேற நம்பர் போட்டு மாட்டிடலாமே சார், அஞ்சு நிமிஷ வேலை" என்றார் ஒட்டகம். போடலாம். ஆனால் அந்தக் கம்பத்தில் இரண்டைத் தவிர வேறோர் எண் வந்து உட்காருவதை என்னால் பார்க்க முடியாது. வீடு என்று பெயர் வைத்தவள் நீ. இரண்டு உன்னுடையது. உன்னுடையது இருக்கட்டும். எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும்.

உன்,
ஒன்று


ஏப்ரல் 20

அன்புள்ள இரண்டுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே கடந்து போயிருக்கின்றன. உன்னுடையது கிடைத்த உடனே மலை டவரைத் திறந்து பார்த்தேன். நாற்பது வினாடி காத்திருந்துவிட்டு அது முடிவு கட்டியிருக்கிறது. பட்டியலில் எண் ஒன்று இருக்கிறது, மூன்றிலிருந்து மற்றவை இருக்கின்றன.

அதன் பிறகு உனக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கலாம். இதை நானே கொண்டுபோய்க் கவுன்ட்டரில் முத்திரை குத்த வைக்கப்போகிறேன்.

செருப்புப் பலகை வலப்பக்கத்துக்கே திரும்பிவிட்டது. ஈரம் உண்மைதான். ஒட்டகத்தின் ஒரு செருப்பில் பூஞ்சை பிடித்துவிட்டது. கம்பத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

கிழக்குத் தெருவில், பல் டாக்டர் உட்பட எல்லோரும் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்கள்.

உன்,
ஒன்று